ஆப்டிகல் இன்க்ரிமென்டல் என்கோடரின் ரெசல்யூஷனை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டார் ஷாஃப்டிலோ அளவுச் சக்கரத்திலோ மாட்டிய, சுழற்சியை மின் பல்ஸ்களாக மாற்றும் என்கோடர் ஒரு சுற்றுக்கு எத்தனை பல்ஸ் (இதுதான் பிபிஆர்) தரவேண்டும், அதை எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்பதில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஏ, பி என்று இரண்டு சேனலும், சுற்றுக்கு ஒரு முறை வரும் இசட் பல்ஸும் உள்ள ஆப்டிகல் வகையை வைத்தே பேச்சு.

என்கோடரில் 1000 பிபிஆர் என்று அச்சடித்திருக்கிறது. கவுண்டரோ ஒரு சுற்றுக்கு 4000 காட்டுகிறது. எது சரி?

இரண்டும் சரிதான். உள்ளே இருக்கும் டிஸ்க்கில் 1000 கோடுகள். ஷாஃப்ட் ஒரு சுற்று போனால் ஏ சேனல் 1000 முறை ஏறி இறங்கும். பி சேனலும் அதே 1000 முறை ஏறி இறங்கும், ஆனால் கால் சைக்கிள், அதாவது 90 மின்பாகை, தள்ளி வரும். ஆக ஒரு கோட்டுக்குள் ஏ ஏறுவது, பி ஏறுவது, ஏ இறங்குவது, பி இறங்குவது என்று நான்கு விளிம்புகள் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் எண்ணினால் 1000, ஏ-வின் இரண்டு விளிம்பையும் எண்ணினால் 2000, நான்கையும் எண்ணினால் 4000.

டேட்டாஷீட்டில் பிபிஆருக்குப் பதிலாக சிபிஆர் என்று போட்டிருந்தால் உஷாராக இருங்கள். சிலர் அதில் சைக்கிளைச் சொல்கிறார்கள், சிலர் நான்கால் பெருக்கிய கவுண்டைச் சொல்கிறார்கள். ஷாஃப்டில் ஒரு கோடு போட்டு, கையால் ஒரு சுற்று சுற்றி, கவுண்டரைப் பார்த்துவிடுவதே நிச்சயமான வழி.

ரெசல்யூஷனை எந்தெந்த இடத்தில் மாற்ற முடியும்?

சிக்னல் போகும் வழியில் நடந்து பார்த்தால் தெரியும். முதலில் டிஸ்க்கில் உள்ள கோடுகள். அது வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. அடுத்து என்கோடருக்குள்ளேயே இருக்கும் இன்டர்பொலேஷன் சிப், அதாவது ஒரு கோட்டைப் பல பங்காகப் பிரிக்கும் சிப். ப்ரோகிராம் செய்யும் வகைகளில் இங்கேதான் மாற்றுகிறோம். பிறகு கேபிளின் மறுமுனையில் ஏ, பி விளிம்புகளைக் கவுண்டாக மாற்றும் டிகோடர்: ஒரு மடங்கா, இரண்டா, நான்கா என்ற தேர்வு. சில அமைப்புகளில் நடுவில் பல்ஸைக் குறைக்கும் ஒரு டிவைடர் இருக்கும். கடைசியாக டிரைவின் (மோட்டாரை இயக்கும் மின்னணுக் கருவியின்) எலக்ட்ரானிக் கியர், அதாவது கட்டளை பல்ஸை என்கோடர் கவுண்டாக மாற்றும் விகிதம், அல்லது உங்கள் ப்ரோகிராமில் உள்ள பெருக்கல் எண்.

இதில் முதல் மூன்று இடங்களில்தான் புதிய தகவல் வருகிறது. அதற்குப் பிறகு செய்வதெல்லாம் வந்த எண்ணை வேறு அலகுக்கு மாற்றுவது மட்டுமே. என் பரிந்துரை: டிகோடரை நான்கு மடங்கிலேயே விட்டுவிடுங்கள், மில்லிமீட்டராகவோ பாகையாகவோ மாற்றுவதை ப்ரோகிராமில் செய்யுங்கள். பல்ஸையே வெட்டிக் குறைப்பது, பெறும் பக்கம் வேகம் தாங்காதபோது மட்டும் எடுக்க வேண்டிய வழி.

ப்ரோகிராம் செய்யும் என்கோடரில் 1 முதல் 65,536 வரை எந்த எண்ணையும் வைக்கலாம் என்கிறார்கள். டிஸ்க்கில் அவ்வளவு கோடா இருக்கிறது?

இல்லை. கோடுகள் சில ஆயிரத்துக்குள்தான் இருக்கும். எல்இடியின் ஒளி டிஸ்க் வழியாகவும், அதற்கு எதிரே உள்ள மாஸ்க் (நகராத கோட்டுத் தகடு) வழியாகவும் போய் ஃபோட்டோடயோடில் விழும்போது, வெளிவரும் மின்னழுத்தம் உண்மையில் சதுர அலையாக இருப்பதில்லை. கோடு மெதுவாக நகர நகர ஒளி கூடிக் குறைவதால் அது சைன் அலைக்கு நெருக்கமாக இருக்கும். சாதாரண என்கோடர் அதை ஒரு கம்பேரேட்டரில் போட்டுச் சதுரமாக்கிவிடுகிறது. ப்ரோகிராம் செய்யும் வகை அப்படிச் செய்யாமல் சைன், கொசைன் இரண்டின் அளவையும் படித்து, ஆர்க்டேஞ்சன்ட் கணக்கில் கோட்டுக்குள் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று கண்டுபிடிக்கிறது. 1024 கோடுள்ள டிஸ்க்கில் ஒவ்வொரு கோட்டையும் 64 பங்காக்கினால் 65,536 வந்துவிடுகிறது. அந்த நுண்ணிய இடத்தகவலில் இருந்து நீங்கள் கேட்ட எண்ணிக்கைக்கு ஏற்ப ஏ, பி பல்ஸ்களைப் புதிதாக உருவாக்கி வெளியே அனுப்புகிறது.

எண்ணை மாற்றுவது மாடலைப் பொறுத்தது: கம்ப்யூட்டருடன் இணைக்கும் ப்ரோகிராமிங் கேபிள், கையடக்கக் கருவி, அல்லது டிப் சுவிட்ச். பெரும்பாலும் எண் நிலையான நினைவகத்தில் பதிவாகிவிடும். ஆனாலும் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திப் போட்டு, புதிய எண்தான் வருகிறதா என்று பார்த்த பிறகே மெஷினில் மாட்டுங்கள்.

இன்டர்பொலேஷனில் வரும் கூடுதல் பல்ஸை நம்பலாமா?

ஓரளவு வரை நம்பலாம், அந்த அளவு எது என்று தெரிந்துகொண்டு.

ஆர்க்டேஞ்சன்ட் கணக்கு சரியாக வர சைனும் கொசைனும் ஒரே உயரத்தில், ஒரே நடுக்கோட்டில், சரியாக 90 பாகை இடைவெளியில் இருக்க வேண்டும். ஆஸிலோஸ்கோப்பை எக்ஸ்-ஒய் முறையில் வைத்து இரண்டையும் கொடுத்தால் திரையில் ஒழுங்கான வட்டம் வரவேண்டும். உயரம் வேறுபட்டால் வட்டம் முட்டையாகும். கோணம் 90-இல் இருந்து விலகினால் முட்டை சாய்ந்து நிற்கும். நடுக்கோடு விலகினால் வட்டமே மையத்தில் இருந்து தள்ளிப்போகும்.

எண்ணில் பார்ப்போம். 1024 கோட்டு டிஸ்க்கில் ஒரு கோட்டின் அகலம் சுமார் 1266 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600 ஆர்க்செகண்ட்). நடுக்கோடு சிக்னல் உயரத்தில் 1 சதவீதம் விலகினால் வரும் கோணப் பிழை சுமார் 2 ஆர்க்செகண்ட். அதே டிஸ்க்கை 65,536 பிபிஆர் ஆக்கி நான்கு மடங்கில் எண்ணினால் ஒரு கவுண்ட் சுமார் 5 ஆர்க்செகண்ட். பிழை அரைக் கவுண்டுக்கும் குறைவு என்பதால் கவலை இல்லை. விலகல் 5 சதவீதமானால் பிழை 10 ஆர்க்செகண்ட், அதாவது இரண்டு கவுண்ட். எல்இடி வயதாகி ஒளி மங்குவதும், டிஸ்க்கில் எண்ணெய்ப்படலம் படிவதும் சைன் அலையைத்தான் முதலில் கெடுக்கும். நல்ல சிப்கள் ஓடும்போதே நடுக்கோட்டையும் உயரத்தையும் தாமாகத் திருத்திக்கொள்கின்றன. பெரிய பெருக்கம் வேண்டுமென்றால் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இந்தப் பிழை ஒவ்வொரு கோட்டிலும் அப்படியே திரும்ப வரும் என்பதுதான் தொல்லை. 6 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6 சுற்றில்) 1024 கோடு ஓடினால் அது சுமார் 102 ஹெர்ட்ஸ் அதிர்வாக வேக அளவீட்டில் தெரியும். மெஷினின் இயல்பான அதிர்வெண் பக்கத்தில் இருந்தால் சர்வோ (என்கோடரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் மோட்டார் அமைப்பு) முனக ஆரம்பிக்கும். மெதுவாக, வழுவழுப்பாக ஓட வேண்டிய அச்சு என்றால் குறைந்த கோடும் அதிகப் பெருக்கமும் வேண்டாம். அதிகக் கோடும் குறைந்த பெருக்கமும் உள்ள என்கோடருக்குப் போங்கள்.

அப்படியானால் டிஸ்க்கிலேயே வேண்டிய அளவு கோடு போட்டுவிடலாமே?

இடம் போதாது. கோட்டுத் தடத்தின் விட்டம் 30 மி.மீ. என்றால் சுற்றளவு 94 மி.மீ. அதில் 2500 கோடு போட்டால் கோட்டுக்குக் கோடு 38 மைக்ரான். 10,000 கோடு என்றால் 10 மைக்ரானுக்கும் கீழே. இவ்வளவு நெருங்கினால் ஒளி கோட்டின் ஓரத்தில் வளைந்து பரவுவதால் நிழல் கலங்கிப்போகும். அதைத் தவிர்க்க டிஸ்க்கையும் மாஸ்க்கையும் இன்னும் கிட்டே கொண்டுவர வேண்டும். அந்த இடைவெளி கோட்டு அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: கோடு பாதியானால் இடைவெளி கால் பங்காகச் சுருங்க வேண்டும். சுற்றும் கண்ணாடி டிஸ்க்கை அவ்வளவு கிட்டே வைத்தால், பேரிங்கில் வரும் சின்ன ஆட்டத்துக்கே டிஸ்க் உரசிவிடும்.

ரெசல்யூஷன் கூடினால் துல்லியமும் கூடுமா?

கூடாது. அதிகம் பணம் வீணாவது இந்த இடத்தில்தான்.

டிஸ்க்கின் மையமும் ஷாஃப்டின் மையமும் 10 மைக்ரான் விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தடத்தின் ஆரம் 15 மி.மீ. இந்த ஒரு விலகலால் மட்டும் சுற்றுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் பிழை கூட்டலும் கழித்தலுமாக சுமார் 137 ஆர்க்செகண்ட். 10,000 பிபிஆர் என்கோடரை நான்கு மடங்கில் எண்ணினால் ஒரு கவுண்ட் 32.4 ஆர்க்செகண்ட். ஆக நான்கு கவுண்டுக்கும் மேல் பிழை. அதே டிஸ்க்கின் பல்ஸை இன்டர்பொலேஷனில் 40,000 பிபிஆர் ஆக்கினாலும் 137 ஆர்க்செகண்ட் அங்கேயேதான் இருக்கும். கவுண்டில் சொன்னால் 17 ஆகிவிடும், அவ்வளவுதான். கப்ளிங் முறுக்கு, ஷாஃப்ட் ஆட்டம், கியரின் பல் இடைவெளி எல்லாம் இதற்கு மேல் சேரும்.

ஆனாலும் ரெசல்யூஷனுக்கு வேறு ஒரு பயன் உண்டு: வேக அளவீடு. கட்டுப்பாட்டுச் சுழற்சி (கன்ட்ரோலர் கவுண்டைப் படிக்கும் இடைவெளி) 1 மில்லிவினாடி, சுற்றுக்கு 4000 கவுண்ட் என்றால், ஒரு சுழற்சியில் ஒரு கவுண்ட் கூடினாலோ குறைந்தாலோ வேகம் 15 ஆர்பிஎம் தாவும். 40,000 கவுண்ட் என்றால் அந்தத் தாவல் 1.5 ஆர்பிஎம். துல்லியம் மாறாவிட்டாலும் சர்வோ ஓட்டம் கண்ணுக்குத் தெரியும்படி மென்மையாகும்.

எனக்கு எவ்வளவு தேவை என்று எப்படிக் கணக்கிடுவது?

உங்களுக்கு வேண்டிய மிகச் சிறிய நகர்வில் இருந்து பின்னோக்கி வாருங்கள். 5 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும்) பால் ஸ்க்ரூவில் 1000 பிபிஆர், நான்கு மடங்கு என்றால் ஒரு கவுண்டுக்கு 1.25 மைக்ரான். 1250 பிபிஆர் வைத்தால் சரியாக 1 மைக்ரான். பின்னம் இல்லாத எண் கிடைக்கும்போது அதையே எடுங்கள். பிற்பாடு வட்டமிடல் பிழை சேர்ந்துகொண்டே போவதில் இருந்து தப்பிக்கலாம். 200 மி.மீ. சுற்றளவுள்ள அளவுச் சக்கரத்தில் 2000 பிபிஆர் வைத்தால் பல்ஸுக்கு 0.1 மி.மீ.

அனுமதிக்கும் பிழைக்குள் குறைந்தது நான்கைந்து கவுண்டாவது அடங்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல். பத்துக்கு மேல் போனால் நிலைக்கட்டுப்பாட்டில் பெரிதாக எதுவும் கிடைக்காது.

ரெசல்யூஷனைக் கூட்டினேன். மெதுவாக ஓடும்போது சரியாக இருக்கிறது, வேகமாக ஓடினால் கவுண்ட் குறைகிறது. ஏன்?

அதிர்வெண் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். கணக்கு எளிது: பிபிஆரை ஆர்பிஎம்மால் பெருக்கி 60-ஆல் வகுங்கள். 2500 பிபிஆர், 3000 ஆர்பிஎம் என்றால் 125 கிலோஹெர்ட்ஸ். 10,000 பிபிஆர், 6000 ஆர்பிஎம் என்றால் 1 மெகாஹெர்ட்ஸ். சிறிய பிஎல்சிகளின் (மெஷின்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கன்ட்ரோலர்களின்) அதிவேக உள்ளீடு பலவற்றில் 100 கிலோஹெர்ட்ஸ்தான் எல்லை. முதல் கணக்கே அதைத் தாண்டுகிறது.

எல்லை மூன்று இடத்தில் ஒளிந்திருக்கலாம். முதலாவது என்கோடரின் வெளியீடு. ஓபன் கலெக்டர் வகையில் சிக்னல் மேலே ஏறுவது ஒரு ரெசிஸ்டரை நம்பியிருப்பதால், நீளமான கேபிளின் மின்தேக்கத்தில் விளிம்பு சாய்ந்துவிடும். வேகமும் தூரமும் வேண்டுமென்றால் ஆர்எஸ்-422 லைன் டிரைவர் (ஒவ்வொரு சிக்னலையும் இரண்டு கம்பியில் எதிரெதிராக அனுப்பும் வெளியீடு) எடுத்து, பெறும் முனையில் 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் போடுங்கள். இரண்டாவது கவுண்டரின் எல்லை. மூன்றாவதைப் பலர் பார்ப்பதே இல்லை: உள்ளீட்டு ஃபில்டர். சில பிஎல்சிகளில் ஆலையில் இருந்து வரும்போதே அது 6.4 மில்லிவினாடியில் இருக்கும். அதோடு விட்டால் 78 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் உள்ளே போகாது. கவுண்டரை இயக்கி வைத்துவிட்டு ஃபில்டரை மாற்ற மறந்தால் என்கோடர் கெட்டுப்போனது போலவே தெரியும்.

மைக்ரோகன்ட்ரோலரில் ஒரு மடங்கு மட்டும் எண்ணுகிறேன். ஷாஃப்ட் நின்றிருக்கும்போதே கவுண்ட் ஏறுகிறதே?

பெரும்பாலும் உங்கள் இன்டரப்ட் (விளிம்பு வந்தவுடன் ஓடும் சிறு ப்ரோகிராம்) இப்படி இருக்கும்: ஏ ஏறும்போது பி-யைப் படி, பி தாழ்ந்திருந்தால் ஒன்று கூட்டு, உயர்ந்திருந்தால் ஒன்று கழி. பார்க்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஷாஃப்ட் சரியாக அந்த விளிம்பில் நின்று அதிர்ந்தால் ஏ ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஒவ்வொரு ஏற்றத்திலும் பி தாழ்ந்தே இருப்பதால் ஒவ்வொரு முறையும் கூட்டல் நடக்கும். இறக்கத்தை யாரும் எண்ணுவதில்லை. திருத்தம் இதுதான்: பி தாழ்ந்திருக்கும்போது ஏ ஏறினால் கூட்டுங்கள், அதே பி தாழ்ந்த நிலையில் ஏ இறங்கினால் கழியுங்கள். ஒரே விளிம்பைப் போகும்போதும் வரும்போதும் எண்ண வேண்டும். சிப்பில் ஏ, பி விளிம்புகளைத் தானே எண்ணும் குவாட்ரச்சர் டைமர் இருந்தால் இந்த வம்பே இல்லை, அதையே பயன்படுத்துங்கள்.

பல்ஸைப் பாதியாக்க ஏ, பி இரண்டிலும் தனித்தனியாக ஒரு ஃபிளிப்-ஃபிளாப் போடலாமா?

வேண்டாம். ஒவ்வொரு ஃபிளிப்-ஃபிளாப்பும் (இரண்டு நிலைக்கு இடையே மாறி மாறித் தாவும் சர்க்யூட்) ஏறுவிளிம்பில் மாறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய சைக்கிளில் கால் பங்காக இருந்த இடைவெளி, இரண்டு மடங்கு நீளமான புதிய சைக்கிளில் எட்டில் ஒரு பங்காகிவிடும். 90 பாகை 45 பாகையாகும். எந்த ஃபிளிப்-ஃபிளாப் எந்த நிலையில் விழித்தது என்பதைப் பொறுத்து அது 225 பாகையாகவும் ஆகலாம்; அப்போது திசையே தலைகீழாகத் தெரியும். நடுவில் ஷாஃப்ட் திரும்பினால் ஃபிளிப்-ஃபிளாப்புக்கு அது தெரியாது. ஆகவே ஓட ஓடக் கவுண்ட் விலகிக்கொண்டே போகும்.

சரியான வழி: முதலில் நான்கு மடங்கில் டிகோட் செய்து, ஏறவும் இறங்கவும் கூடிய கவுண்டரில் இடத்தை வையுங்கள். அந்த எண்ணை வேண்டிய வகு எண்ணால் வகுத்து, ஈவின் கடைசி இரண்டு பிட்டை மட்டும் எடுத்து 00, 01, 11, 10 என்ற வரிசையில் ஏ, பி-யாக வெளியே விடுங்கள். திசையும் இருக்கும், 90 பாகையும் இருக்கும். ஒரே வேகத்தில் ஓடும்போது விளிம்புகளும் சமமாக விழும்.

வகு எண் முழுதாகப் போகாவிட்டால்?

4000 கவுண்டை 3-ஆல் வகுத்தால் சுற்றுக்கு 1333.33. எண்ணிக்கை தொலைந்துபோகாது, மூன்று சுற்றுக்கு ஒருமுறை கணக்கு நேராகிவிடும். ஆனால் இசட் பல்ஸ் வரும்போது ஏ, பி இருக்கும் நிலை சுற்றுக்குச் சுற்று மாறும். இசட்டை வைத்து கவுண்டைச் சரிபார்க்கும் டிரைவ் இதைப் பிழையாக எடுத்துக்கொண்டு நின்றுவிடும். 2.5 போன்ற பின்ன வகு எண் என்றால் பல்ஸ்களின் இடைவெளியும் சீராக இருக்காது. சராசரி சரியாக வரும், ஒவ்வொரு விளிம்பும் ஒரு மூலக் கவுண்ட் வரை முன்பின் நகரும். நீளம் அளக்க இது போதும். வேகத்தை அளக்கவோ அச்சு இயந்திரத்தின் தலையை இயக்கவோ போதாது.

ரெசல்யூஷனை மாற்றினால் ஹோம் இடம் மாறுமா?

மாறலாம். ஹோம் என்பது மெஷின் எண்ணத் தொடங்கும் ஆரம்ப இடம்; அதை இசட் பல்ஸை வைத்தே பிடிக்கிறோம். இசட் பல்ஸின் அகலம் பொதுவாக ஏ, பி-யின் கால் சைக்கிளோடு பொருத்தப்பட்டிருக்கும். பிபிஆரை நான்கு மடங்காக்கினால் இசட் நான்கில் ஒரு பங்காக ஒடுங்கும். அதன் விளிம்பு நகர்வதால் ஹோம் சில கவுண்ட் தள்ளிப்போகும். ஒடுங்கிய பல்ஸை மெதுவான உள்ளீடு பார்க்காமலே விட்டுவிடுவதும் நடக்கும். அதனால் ஹோமிங் வேகத்தைக் குறைத்து, ஹோம் ஆஃப்செட்டை மறுபடி அளந்து வையுங்கள்.

டிரைவில் எலக்ட்ரானிக் கியர் எண்ணை மாற்றினால் ரெசல்யூஷன் கூடுமா?

கட்டளை அலகு மாறும், என்கோடர் மாறாது. 17 பிட் என்கோடர் சுற்றுக்கு 131,072 கவுண்ட் தருகிறது, ஸ்க்ரூ பிட்ச் 10 மி.மீ., கட்டளை பல்ஸுக்கு 1 மைக்ரான் வேண்டும் என்றால் விகிதம் 131,072-க்கு 10,000. சுருக்கினால் 8192-க்கு 625. பின்னமாகவே எழுதுங்கள், 13.1 என்று தசமத்தில் வெட்டாதீர்கள். டிரைவில் இருந்து கன்ட்ரோலருக்குப் போகும் என்கோடர் வெளியீட்டுக்குத் தனி அமைப்பு உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் திரையில் ஒரு தூரமும் மெஷினில் இன்னொரு தூரமும் வரும்.

கவுண்டர் திடீரென்று எதிர்ம எண்ணுக்குத் தாவுகிறது.

நிரம்பிவிட்டது. குறியுள்ள 32 பிட் கவுண்டர் 2,147,483,647 வரை போகும். பெரிய எண்தான். ஆனால் சுற்றுக்கு 40,000 கவுண்டில் 3000 ஆர்பிஎம் ஒரே திசையில் ஓடினால் 18 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். குறியுள்ள 16 பிட் கவுண்டர் ஒரு சுற்றைக்கூடத் தாங்காது. ஒவ்வொரு கட்டுப்பாட்டுச் சுழற்சியிலும் முந்தைய மதிப்புக்கும் இப்போதைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்து 64 பிட்டில் கூட்டிவாருங்கள்.

1024 பல்ஸ் என்கோடர் போய்விட்டது. கையில் 1000 பல்ஸ் இருக்கிறது. மாட்டலாமா?

நீளமோ இடமோ அளக்கும் வேலை என்றால் மாட்டலாம். அளவு எண்ணை 128-க்கு 125 என்ற விகிதத்தில் திருத்திவிடுங்கள். திருத்தாவிட்டால் 2.3 சதவீதம் குறைவாகக் காட்டும்.

மோட்டாரின் கம்யூட்டேஷனுக்கு (ரோட்டர் நிற்கும் கோணத்தைப் பார்த்து மின்னோட்டத்தைச் சுருளுக்குச் சுருள் மாற்றுவதற்கு) அதே என்கோடர்தான் என்றால், டிரைவின் பிபிஆர் எண்ணை மாற்றாமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது. நான்கு ஜோடி துருவமுள்ள நிலைக்காந்த மோட்டாரில் ஒவ்வொரு சுற்றுக்கும் டிரைவின் கணக்கு சுமார் 34 மின்பாகை பின்தங்கும். இசட்டில் திருத்திக்கொள்ளாத டிரைவ் என்றால் மூன்றே சுற்றில் 90 பாகையைத் தாண்டிவிடும். அப்புறம் முறுக்குவிசை எதிர்த் திசையில் வரும், மோட்டார் கட்டுப்பாட்டை மீறும்.

மாற்றிய பிறகு எப்படிச் சரிபார்ப்பது?

இசட்டுக்கு இசட் கவுண்டைப் பிடியுங்கள். 1000 பிபிஆர், நான்கு மடங்கு என்றால் ஒவ்வொரு சுற்றிலும் 4000 வரவேண்டும், 3999-ம் கூடாது. முதலில் கையால் சுற்றுங்கள், பிறகு முழு வேகத்தில், பிறகு முன்னும் பின்னுமாக வேகமாகத் திருப்பி. முழு வேகத்தில் மட்டும் குறைந்தால் அதிர்வெண் எல்லையோ ஃபில்டரோ. பக்கத்தில் உள்ள மோட்டாரை இயக்கும்போது மட்டும் மாறினால் இரைச்சல்: கேபிளின் ஷீல்டையும் கிரவுண்டையும் பாருங்கள். கவுண்ட் சரியாக இருந்தும் ஷாஃப்டில் போட்ட கோடு இடம் மாறி நின்றால், ஸ்பேனரை எடுத்து கப்ளிங் ஸ்க்ரூவை இறுக்குங்கள்.